கைமாறும் இறுவட்டுக்கள்

2025ஆம் ஆண்டின் பிற்பகுதியில் மூன்று மாதங்கள் இலண்டன் மாநகரிலே தங்கியிருக்க நேர்ந்தது. என் தமையனார் காலமாகி ஓராண்டு கழிந்திருந்தது. மச்சாள் தம் பெரிய வீட்டை விற்றுவிட்டு, மகளின் வீட்டுக்கு அண்மையில் ஒரு சிறிய தொடர்மாடி வீட்டிற் குடியேறத் தீர்மானித்திருந்தார். பழைய வீட்டை ஒழிக்கும் வேலையிற் கைகொடுக்கவே நான் சென்றேன். தளபாடங்களுக்கு வழி பிறந்தது. புத்தகங்களை ஒருவாறு பங்கிட்டோம். எஞ்சி நின்றவை அண்ணர் முப்பத்தைந்து ஆண்டுகளாகச் சேர்த்து வைத்த இசை இறுவட்டுக்கள். எண்ணிப் பார்த்தபோது அறுநூற்று நாற்பத்திரண்டு இருந்தன. கர்நாடக சங்கீதம், மேனாட்டுச் சாஸ்திரீய இசை, பீற்றில்ஸ் குழுவினர், பழைய தமிழ்ப் படப் பாடல்கள் என்று அவருடைய செவி எத்திசையும் திறந்திருந்தது.

"உதுகளை இப்ப ஆர் வாங்கப் போகினம், குஞ்சியப்பா?" என்றாள் பெறாமகள். அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. கைத்தொலைபேசியில் விரலை வைத்தால் உலகத்துச் சங்கீதமெல்லாம் ஒழுகிவருங் காலம் இது. மச்சாள் மட்டும், "அவர் மத்தியானச் சாப்பாட்டுக் காசை மிச்சம்பிடிச்சு வாங்கினதுகள். குப்பையிலை மட்டும் போட்டிடாதேங்கோ" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

இவ்வாறாக, வாழ்நாளில் வெண்கட்டியைத் தவிர வேறொன்றையுங் கையாண்டறியாத நான் முதுமையில் இறுவட்டு வியாபாரியானேன். அந்த அனுபவத்தை இப்பகுதியில் எழுத முற்பட்டமைக்குக் காரணம் உண்டு. இணையம் என்னும் பெருஞ்சந்தை நம் காலத்துக் கொடுக்கல் வாங்கலை எவ்வாறு மாற்றியுள்ளது என்பதைப் பற்றிப் பலர் பொதுப்படப் பேசுகின்றனர். ஒரு சிறு பழம்பண்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு அந்தச் சந்தைக்குட் சென்று பார்த்தால் அதன் குணம் வேறு விதமாகத் தெரிகிறது.

இறுவட்டு 1982ஆம் ஆண்டிற் பிறந்தது. அவ்வாண்டு ஓகஸ்ட் மாதம் ஜேர்மனியில், ஹனோவர் நகருக்கு அண்மையிலுள்ள லாங்கன்ஹாகன் ஆலையில் அபா குழுவினரின் இசைத்தொகுதி தட்டாக வார்க்கப்பட்டது. ஒக்ரோபரில் யப்பானியக் கடைகளுக்கு இறுவட்டும் அதனை இசைக்குங் கருவியும் விற்பனைக்கு வந்தன. பதினெட்டு ஆண்டுகளில் அதன் ஆட்சி உச்சத்தை எட்டியது. 2000ஆம் ஆண்டில் அமெரிக்க ஐக்கிய நாட்டில் மட்டும் ஏறத்தாழ 94 கோடி இறுவட்டுக்கள் விலைபோயின. 2022ஆம் ஆண்டில் அத்தொகை 3 கோடி 30 இலட்சமாகச் சுருங்கிவிட்டது. அதனினும் வியப்பு, இறுவட்டு வந்ததும் இறந்துபட்டதாக எல்லாரும் எண்ணியிருந்த பழைய கருந்தட்டு அதே ஆண்டில் 4 கோடி 10 இலட்சம் விற்று, 1987ஆம் ஆண்டுக்குப் பின்னர் முதன்முறையாக இறுவட்டை எண்ணிக்கையில் முந்தியதாகும்.

இந்த எண்களைச் சற்று நிதானித்து நோக்கவேண்டும். விற்கப்பட்ட கோடானுகோடி இறுவட்டுக்கள் எங்கே போயின? அவை அழியவில்லை. வாங்கியவர்களின் வீட்டு அடுக்குகளிலும் மேன்மாடத்துப் பெட்டிகளிலும் கிடக்கின்றன. இப்பொழுது அவ்வீட்டுக்காரர் முதுமையடைகின்றனர். சிறிய வீடுகளுக்கு மாறுகின்றனர். என் அண்ணரைப் போல மறைகின்றனர். ஆகவே புதிய தட்டின் விற்பனை வீழ்ந்த அதே காலத்திற் பழைய தட்டுக்கள் வெள்ளம்போலச் சந்தைக்கு வருகின்றன. ஒரே பாட்டுத்தொகுதியை ஆயிரம் பேர் ஒரே வேளையில் விற்க நிற்கும் இடத்தில், ஆயிரத்தோராவது ஆளாக வந்து நிற்பவன் தன் பொருளை எவ்வாறு விலைப்படுத்துவான்?

முதலில் எளிய வழியை நாடினோம். இறுவட்டின் பின்னட்டையிலுள்ள கோட்டுக் குறியைக் கைத்தொலைபேசிக்குக் காட்டினால் உடனே விலை கூறும் நிறுவனங்கள் அந்நாட்டில் உண்டு. அவற்றுள் ஒன்றிற்குக் காட்டினோம். சிலவற்றிற்கு ஐந்து பென்ஸ், சிலவற்றிற்குப் பத்துப் பென்ஸ். மிகப் பலவற்றிற்கு 'வேண்டாம்' என்ற விடையே வந்தது. கர்நாடக இசைத் தட்டுக்களிற் பெரும்பாலானவற்றை அந்தக் கருவி அடையாளமே காணவில்லை. குறியில்லாத பொருள் அதற்கு இல்லாத பொருள். அந்நிறுவனத்தைக் குறைகூறுவதற்கில்லை. மொத்தமாக வாங்குபவன் ஒவ்வொன்றையும் எடுத்துப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

அடுத்து, எல்லாரும் விற்கும் பெருஞ்சந்தைகளை நோக்கினோம். அமேசன் போன்ற இடத்தில் ஓர் இசைத்தொகுதிக்கு ஒரு பக்கம் என்பதே ஏற்பாடு. அப்பக்கத்தின் கீழ்ப் பல விற்பனையாளர் விலை வரிசையில் நிற்பர். வரிசையின் தலைமாட்டில் நிற்பவனிடமே பெரும்பாலோர் வாங்குவர்; ஆதலால் தலைமாட்டுக்கு வர விலையைக் குறைக்கவேண்டும். இந்தக் குறைப்பைப் பெரிய விற்பனையாளர் தம் கையாற் செய்வதில்லை. அடுத்தவன் ஒரு சதங் குறைத்தால் தானும் ஒரு சதங் குறைக்கும்படி கணினிக்குக் கட்டளையிட்டு விடுகின்றனர். அது இரவு பகலாக இறங்கிக்கொண்டிருக்கும். அவ்விறக்கம் எங்கே சென்று முடியும் என்பதை அமெரிக்கச் சந்தையில் முன்னரே கண்டுவிட்டனர். பழைய புத்தகங்களும் இறுவட்டுக்களும் ஒரு சதத்துக்கு விற்கப்பட்டன. வாங்குபவர் வேறாகச் செலுத்தும் அனுப்புகூலியிலிருந்து உண்மையான தபாற் செலவுஞ் சந்தைக்காரரின் கழிவும் போக மிஞ்சுஞ் சில்லறையே விற்பவனின் ஆதாயம். நாளொன்றுக்கு ஆயிரக்கணக்கிற் பொதியனுப்பும் பண்டகசாலைக்கு அந்தச் சில்லறை கட்டுபடியாகும். மேசையில் இருந்து நாடா ஒட்டும் எனக்குக் கட்டுபடியாகாது.

விலையைக் குறைத்தால் விற்பனை பெருகும் என்பது வணிகத்தின் பாலபாடம். அஃது ஏன் இங்கே பலிக்கவில்லை? இதற்கு விடை ஒரு பொருளியலறிஞரிடம் இருக்கிறது. ஜோர்ஜ் அக்கர்லொவ் என்னும் அமெரிக்கர் 1970ஆம் ஆண்டிற் பழைய மோட்டார் வண்டிச் சந்தையைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். அதற்குமுன் அக்கட்டுரையைச் சில சஞ்சிகைகள் ஏற்க மறுத்திருந்தன. 2001ஆம் ஆண்டில் அவருக்கு நொபெல் பரிசு கிடைத்தபோது அதுவே அவருடைய முதன்மையான பங்களிப்பாகக் கருதப்பட்டது. பழுதான வண்டியை அமெரிக்கர் 'எலுமிச்சை' என்பது வழக்கு. எது நல்லது, எது எலுமிச்சை என்பது விற்பவனுக்குத் தெரியும், வாங்குபவனுக்குத் தெரியாது. தெரியாத காரணத்தால் அவன் நடுத்தரமான விலைக்கு மேற் கொடுக்க அஞ்சுவான். அந்த விலைக்கு நல்ல வண்டியை விற்க மனமில்லாதவர் சந்தையை விட்டு விலகுவர். மிஞ்சுவன எலுமிச்சைகள். அதையறிந்து வாங்குபவன் இன்னும் விலையைக் குறைப்பான். ஈற்றிற் சந்தையே அழிந்துவிடக்கூடும்.

இணையத்தில் விற்கும் பழைய இறுவட்டு இந்நோய்க்கு மிகவும் இலக்கானது. கடையிலானால் பெட்டியைத் திறந்து, தட்டை ஒளிக்குச் சரித்துப் பார்த்து வாங்கலாம். இணையத்தில் வாங்குபவனுக்குக் கண் இல்லை, கை இல்லை. விற்பவன் எழுதிய சொல் ஒன்றே உண்டு. 'நல்ல நிலையில் உள்ளது' என்று நாற்பது பேரும் எழுதியிருப்பார்களாயின் அச்சொல்லுக்கு மதிப்பில்லை. பின்பு மலிந்த விலை ஒன்றுதான் பேசும். விற்பனையைப் பெருக்க விரும்புவோன் முதலிற் பெருக்கவேண்டியது தன் சொல்லின் மதிப்பை என்பதை நான் மெல்ல மெல்ல உணர்ந்தேன். மெல்ல மெல்ல என்றதற்குக் காரணம், முதலில் நானும் 'நல்ல நிலையில் உள்ளது' என்று எழுதியவனே.

எங்களுக்கு வழிகாட்டியது டிஸ்கொக்ஸ் என்னும் இணையச் சந்தை. கெவின் லெவன்டொவ்ஸ்கி என்னும் இளைஞர் 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஓறிகன் மாநிலத்தில் அதனைத் தொடங்கினார். தொடக்கத்தில் அது கடையன்று, இசைத்தட்டுக்களின் பெயர்ப்பட்டியல். ஆர்வமுடையோர் தத்தம் வீட்டிலுள்ள தட்டுக்களை வருணித்து எழுத, இன்று ஒன்றரைக் கோடிக்கு மேற்பட்ட வெளியீடுகள் அங்கே பதிவாகியுள்ளன. சந்தை அதன்மேற் பின்னர் எழுந்தது. கடையைக் கட்டிவிட்டுப் பட்டியல் எழுதுவதே உலக வழக்கம். இங்கே பட்டியலே கடைக்கு அத்திவாரம்.

அதனால் விளைந்த வேறுபாடு பெரிது. அங்கே 'இந்தப் பாட்டுத்தொகுதி' என்று விற்க இயலாது. 'இந்தப் பாட்டுத்தொகுதியின் இந்தப் பதிப்பு' என்றே விற்கவேண்டும். ஒரே தொகுதி ஜேர்மனியில் ஒரு தரம், யப்பானில் ஒரு தரம், பத்தாண்டு கழித்து ஒலிதிருத்தி இன்னொரு தரம் என்று நாற்பது ஐம்பது பதிப்புக் கண்டிருக்கும். அவற்றைப் பிரித்தறிவதற்குத் தட்டின் பளபளப்பான முகத்தில், நடுத்துளையைச் சுற்றியுள்ள வளையத்தை நோக்கவேண்டும். ஆலையார் பொறித்த இலக்கங்களும் எழுத்துக்களும் அங்கே மிக நுணுக்கமாக இருக்கும். ஏட்டுச் சுவடிகளை ஒப்புநோக்கிப் பாடபேதங் கண்ட சிறுப்பிட்டி தாமோதரம்பிள்ளையவர்களின் நாட்டில் பிறந்தவன், பூதக்கண்ணாடியும் மின்விளக்குமாக அந்த வளையத்தைப் படித்துக்கொண்டு குளிர்கால இரவுகளைக் கழித்தேன். பெறாமகளுக்குச் சிரிப்பு.

ஆயினும் அச்சிறு எழுத்துக்களிற் பொருள் இருந்தது. பீற்றில்ஸ் குழுவினரின் 'அபி றோட்' என்னும் தொகுதி உலகெங்கும் இறுவட்டாக வந்தது 1987ஆம் ஆண்டில். அதற்கு நான்காண்டு முன்னரே, 1983இல், யப்பானியத் தோஷிபா-ஈ.எம்.ஐ. நிறுவனம் அதனை இறுவட்டாக வெளியிட்டு, சில காலத்துக்குட் சந்தையிலிருந்து மீட்டுக்கொண்டது. 1987ஆம் ஆண்டுப் பதிப்பைச் சில பவுணுக்கு எங்கும் வாங்கலாம். அந்த யப்பானியப் பதிப்புக்குச் சேகரிப்போர் பன்மடங்கு கொடுக்கின்றனர். (அண்ணரிடம் இருந்தது 1987ஆம் ஆண்டுப் பதிப்பே என்பதை ஆவலோடிருக்கும் வாசகருக்குச் சொல்லிவைக்கிறேன்.) 'மேற்கு ஜேர்மனியிற் செய்யப்பட்டது' என்ற அச்சும் இவ்வாறே விலைபெறும், 1990ஆம் ஆண்டுக்குப் பின்னர் அப்படியொரு நாடு இல்லாமையால் அவ்வச்சே தட்டின் வயதைக் காட்டும்.

இதனை வெறும் பழம்பொருட் பித்து என்று ஒதுக்கிவிடக்கூடாது. தொண்ணூறுகளின் பின்னர் இசை வெளியீட்டாளர் ஒருவரை ஒருவர் விஞ்சும் பொருட்டுத் தம் தட்டுக்களின் ஒலியை மேன்மேலும் உரக்கச் செய்தனர். மெல்லிய ஒலியும் உரத்த ஒலியும் ஒரே மட்டத்துக்கு வரும்படி நெருக்கப்பட்டன. மெற்றாலிக்கா குழுவினரின் 2008ஆம் ஆண்டுத் தொகுதியொன்று இதன் பொருட்டே ரசிகரின் கண்டனத்துக்கு ஆளாகியது. ஆகவே எண்பதுகளில் வார்த்த தட்டிற் கேட்கும் ஏற்ற இறக்கம் பிந்திய திருத்தப் பதிப்பில் இல்லாமற் போவதுண்டு. இத்தகைய இடங்களிற் பழையது என்பது புதியதன் தேய்ந்த வடிவமன்று. புதியதில் இல்லாத ஒன்றை வைத்திருப்பது. விற்பவன் தன்னிடமுள்ளது எந்தப் பதிப்பு என்று சரியாகச் சொன்ன மாத்திரத்தில் ஆயிரம் பேர் நிற்கும் வரிசையிலிருந்து விலகி, ஐந்து பேர் நிற்கும் வரிசைக்கு வந்துவிடுகிறான். தேடுபவர்களும் அங்கே தமக்கு வேண்டிய பதிப்பை முன்கூட்டியே குறித்து வைத்திருப்பர். பொருள் வந்ததும் அவர்களுக்கு அறிவிப்புச் செல்லும். முன்னர் அப்பதிப்பு விலைபோன தொகைகளும் யாவருங் காணக் கிடக்கும். விலையை மனம்போனபடி வைக்கவோ, அஞ்சிக் குறைக்கவோ வேண்டியதில்லை.

பதிப்பைச் சொன்னாற் போதாது, நிலையையுஞ் சொல்லவேண்டும். இதற்கென மேனாட்டார் வகுத்துள்ள தரவரிசை ஆசிரியர்களாகிய நமக்கு வேடிக்கையாக இருக்கும். கைபடாதது, ஏறத்தாழக் கைபடாதது, மிக நன்று என்று அது இறங்கிக்கொண்டு வரும். பின்னர் 'நன்று' என்பது வரும்பொழுது அதன் பொருள் 'நன்றன்று' என்பதே. 'நன்று' என்று தரமிட்ட தட்டை அனுபவமுள்ளவன் வாங்கமாட்டான்.

இத்தரவரிசையில் நான் செய்த பிழையை மறைப்பதற்கில்லை. மேனாட்டுச் சாஸ்திரீய இசைத் தட்டொன்றை 'ஏறத்தாழக் கைபடாதது' என்று எழுதினேன். பளபளக்கும் முகத்தில் ஒரு கீறலும் இல்லை. வாங்கியவர் ஸ்கொத்லாந்திலிருந்து எழுதினார்: மூன்றாம் பகுதி தடக்குகிறது, தட்டை ஒளிக்கு எதிரே பிடித்தால் எழுத்து அச்சிட்ட முகத்தில் ஊசித்துளை போல வெளிச்சந் தெரிகிறது என்று. மரியாதையான கடிதம், அதனாலேயே அதிகம் வெட்கினேன். பணத்தையுந் தபாற் செலவையுந் திருப்பியனுப்பினோம்.

அதன் பின்னரே தட்டின் அமைப்பை முறையாகப் படித்தேன். நாம் அஞ்சிக் காக்கும் பளபளப்பான முகம், 1.2 மில்லிமீற்றர் தடிப்புள்ள பிளாஸ்டிக்கின் வெளிப்புறம். இசைக் குறிகள் அங்கே இல்லை. மறுபுறத்தில், எழுத்து அச்சிட்ட முகத்தின் மெல்லிய பூச்சுக்கு அடியில் இருக்கின்றன. பளபளப்பான முகத்தில் விழுஞ் சிறு கீறல் ஒளிக்கதிரின் குவியத்துக்கு வெளியே நிற்பதாற் பெரும்பாலுந் தீங்கு செய்யாது. எழுத்து முகத்திற் படுங் காயமோ குறிகளையே அழித்துவிடும். கீறலிலும் நடுவிலிருந்து ஓரத்துக்குச் செல்வது பிழைக்கும். தடத்தின் வழியே வட்டமாகச் செல்வது கெடுக்கும். குறிகளில் ஏறத்தாழ இரண்டரை மில்லிமீற்றர் நீளத்துக்குத் தொடர்ச்சியாக இழப்பு ஏற்பட்டாலும் கருவி தானே கணித்து நிரப்பிக்கொள்ளும். அதற்கு மேற்பட்டால் தடுமாறும். தட்டைத் துடைக்கும்போது வட்டமாகத் துடையாது நடுவிலிருந்து வெளியே நேராகத் துடைக்கவேண்டும் என்பதன் காரணமும் இதுவே. இன்னொரு நோயும் உண்டு. 1988க்கும் 1993க்கும் இடையில் இங்கிலாந்தின் பிளக்பேர்ண் நகரத்து ஆலையொன்றில் வார்த்த தட்டுக்களிற் பல, பூச்சின் குறையால் ஓரத்திலிருந்து வெண்கல நிறமாக மாறி ஒலியிழந்தன. அத்தகையவை எங்கள் தொகுதியில் நான்கு கிடந்தன. அவற்றை விற்பனைக்கு வைக்கவில்லை.

கையிலிருந்த தட்டுக்களையெல்லாம் மீண்டும் எடுத்து, இரு முகத்தையும் விளக்கொளியிற் பார்த்தோம். அதற்கு ஒன்பது இரவுகள் சென்றன. முன்னர், 'நல்ல நிலை, அருமையான இசை' என்றிருந்த இடத்தில் இப்பொழுது இவ்வாறு எழுதினோம்: 'தட்டின் ஓரத்தில் மயிரிழைக் கீறல் இரண்டு, சரித்துப் பார்த்தால் மட்டுமே தெரியும். முழுவதும் இசைத்துக் கேட்டோம், தடக்கம் இல்லை. சிறுநூலின் கடைசித் தாளில் மடிப்பு. பெட்டி உடைந்திருந்தமையால் மாற்றப்பட்டது.' குறையைச் சொன்னால் வாங்கமாட்டார்கள் என்று பெறாமகள் பயந்தாள். முதல் மூன்று கிழமைகளிற் பதினொரு தட்டுக்கள் விலைபோயிருந்தன. திருத்தி எழுதிய பின் வந்த மூன்று கிழமைகளில் அறுபதுக்கு மேல். சொல்லின் பயன் முழுவதும் இதுவென்று சாதிக்கமாட்டேன். நத்தார் அண்மித்துக்கொண்டிருந்தது, பட்டியலிற் பொருளும் கூடியிருந்தது. ஆனால் அவற்றுள் ஒன்றேனும் திரும்பி வரவில்லை என்பது சொல்லின் பயனே.

ஓரிடத்தில் மட்டும் எழுதக் கை கூசியது. அண்ணருக்கு ஒரு பழக்கம். கர்நாடக இசைத் தட்டுக்களின் சிறுநூலிற் பாட்டின் பெயருக்குப் பக்கத்திற் பென்சிலாற் குறிப்பு எழுதுவார். இராகத்தின் பெயர், எந்த இடத்தில் என்ன கவனிக்கவேண்டும் என்ற ஒற்றை வரி, கேட்ட திகதி. சந்தையின் தரவரிசைப்படி கையெழுத்து ஒரு பழுது, அதனைக் குறிப்பிடவேண்டும். "அப்பான்ரை எழுத்தைப் பழுது எண்டு எழுதச் சொல்லுறியளோ?" என்றாள் பெறாமகள். எனக்கு விடை தெரியவில்லை. பணங் கொடுப்பவனுக்கு அது தெரியவேண்டும் என்று மட்டுஞ் சொன்னேன். அவள் நெடுநேரம் இருந்துவிட்டு, 'சிறுநூலில் தமிழிற் பென்சிற் குறிப்புக்கள் உண்டு' என்று ஆங்கிலத்தில் எழுதினாள். பழுது என்ற சொல்லை எழுதவில்லை. அவ்வாறான தட்டுக்களில் ஒன்பதைத் தனக்கென எடுத்து வைத்தாள்.

தமிழ் இசைத் தட்டுக்களை விற்பதில் வேறொரு சிக்கலுங் கண்டோம். மேனாட்டுத் தட்டுக்களுக்குப் பட்டியல் ஆயத்தமாக இருந்தது. எங்களிடம் இருந்த கர்நாடக இசைத் தட்டுக்களிற் பல அதில் இல்லவேயில்லை. பதிவை நாங்களே உண்டாக்க வேண்டியதாயிற்று. அப்பொழுது பெயர்கள் குறுக்கே நின்றன. ஒரே வித்துவானின் பெயர் மூன்று தட்டுக்களில் மூன்று விதமாக ஆங்கில எழுத்தில் இருக்கிறது. தோடி என்ற இராகத்துக்கு ஒருவர் 'ஹெச்' சேர்க்கிறார், மற்றவர் சேர்ப்பதில்லை. ரொறன்ரோவிலோ சிட்னியிலோ இருந்து ஒரு தமிழன் தான் பழகிய எழுத்தில் தேடினால், நாங்கள் வேறெழுத்தில் வைத்த பொருள் அவன் கண்ணிற் படாது. அச்சிட்டவாறே பதிந்து, வேற்று வடிவங்களை ஒருவருக்குரியனவாக இணைத்துவிடும் ஏற்பாடு டிஸ்கொக்ஸில் உண்டு. ஆனால் இணைப்பதற்கு மொழி தெரிந்த ஒருவர் வேண்டும். நம்மவர் அந்த வேலையிற் புகாமையினாலேயே நம் இசை அங்கே விலையற்றுக் கிடக்கிறது என்று எனக்குத் தோன்றியது. தேடி அகப்படாத பொருளை எவரும் விலைகேட்பதில்லை. விடுமுறையிற் கணினிக்கு முன் இருக்கும் நம் மாணவர்கள் இதனை ஒரு பணியாக மேற்கொள்ளலாம். பாடசாலைகளிற் பதிப்பியல் என்று நாம் கற்பிப்பதற்கு இது தூரத்து உறவன்று.

தபாலைப் பற்றி ஓரிரு வார்த்தை. இறுவட்டின் விலையைவிட அதனை அனுப்புஞ் செலவு பல வேளைகளில் அதிகம். ஒரு தட்டை வாங்குபவர் அதே பொதியில் மேலும் மூன்றை வாங்கினாற் செலவு பங்கிடப்படும். ஆதலால் ஒரே வகை இசையை ஒருங்கே பட்டியலில் வைப்பவன் தனித்தனியாக வைப்பவனிலும் அதிகம் விற்பான். சந்தைக்குக் கொடுக்குங் கழிவு 2023ஆம் ஆண்டில் 8 வீதத்திலிருந்து 9 வீதமாகியது. அனுப்புகூலியின் மீதும் அது விழுகிறது. எல்லைக்கு அப்பால் விற்பது இன்னுஞ் சிரமம். 2021ஆம் ஆண்டு யூலை முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்குச் செல்லுஞ் சிறு பொதியும் வரிக்குட்பட்டது. 2025ஆம் ஆண்டு ஓகஸ்ட் 29ஆம் திகதி, 800 டொலர்வரையான பொதிகளுக்கு அமெரிக்கா அளித்துவந்த தீர்வை விலக்கு நிறுத்தப்பட்டது. புத்தகமும் இசைத்தட்டும் 'தகவற் பொருள்' என்ற வகையில் அவ்வாண்டின் புதிய தீர்வைகளுக்கு விலக்கானவை. ஆயினும் பல நாடுகளின் தபாற் பகுதிகள் குழப்பத்தில் எல்லாப் பொதிகளையுமே சில காலம் ஏற்காது விட்டன. நாங்கள் இலண்டனில் இருந்த நாட்களில் அமெரிக்காவிலிருந்து கேட்ட இருவரைக் காத்திருக்கச் சொல்ல நேர்ந்தது. ஒருவர் காத்திருந்தார்.

இனி, இவ்வாணிகத்தின் மீது எழுப்பக்கூடிய ஓர் ஆட்சேபத்தை எடுத்துக்கொள்வோம். பழைய தட்டு கைமாறும்போது பாடியவனுக்கு என்ன கிடைக்கிறது? ஒன்றுங் கிடைப்பதில்லை. 1993ஆம் ஆண்டில் அமெரிக்கப் பாடகர் கார்த் புறூக்ஸ் இதனையே சொல்லி, பழைய இறுவட்டு விற்குங் கடைகளுக்குத் தம் புதிய தொகுதியை அனுப்பக்கூடாதென்றார். பெரிய விநியோக நிறுவனங்கள் நான்கு அத்தகைய கடைகளுக்கு விளம்பர உதவிப்பணத்தை நிறுத்தின. கடைக்காரர் வழக்குத் தொடுத்தனர். ஓறிகன் மாநிலத்துப் போர்ட்லண்ட் நகரில் ஒரு கடைக்காரர் அப்பாடகரின் இறுவட்டுக்களைத் தீயில் வாட்டி எதிர்ப்புக் காட்டினார். ஈற்றில் நிறுவனங்களே பின்வாங்கின. சட்டம் அவர்களுக்குத் துணையாக இல்லை. 1908ஆம் ஆண்டிலேயே அமெரிக்க உயர் நீதிமன்றம், ஒரு நாவலை ஒரு டொலருக்குக் குறைத்து விற்கக்கூடாதென்று அச்சிட்ட பதிப்பாளருக்கு எதிராக, ஒரு தரம் விற்ற பிரதியின் மேல் அவருக்கு அவ்வதிகாரம் இல்லையெனத் தீர்த்திருந்தது.

பாடகரின் மனக்குறை பொய்யன்று. ஆனால் அவருடைய வழியிற் சென்றால் நூல்நிலையமும் பழைய புத்தகக் கடையும் இருக்க நியாயமில்லை. மேலும், இக்காலத்தில் அவர் எதிர்பாராத திசையிலிருந்து அவருடைய ஆசை நிறைவேறிவிட்டது. கைத்தொலைபேசியிற் கேட்கும் இசையை எவரும் வாங்குவதில்லை. மாதக் கட்டணத்துக்குக் கேட்க அநுமதி பெறுகின்றனர். பணங் கொடுத்து இறக்கிய பாட்டுக் கோப்புக்களை மறுவிற்பனை செய்ய முயன்ற ஒரு நிறுவனத்துக்கு எதிராக 2018ஆம் ஆண்டு டிசெம்பரில் அமெரிக்க மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கோப்பை மாற்றுவது புதுப் பிரதி எடுப்பதாகும் என்பது அதன் முடிபு. பெறாமகளின் தொலைபேசியிலுள்ள இசையை அவள் தன் பிள்ளைக்கு விட்டுச்செல்ல இயலாது. அண்ணரின் இறுவட்டை இயலும்.

அவளுக்கு வேறு யோசனையும் இருந்தது: எல்லாவற்றையுங் கணினியிற் பிரதி செய்துகொண்டு தட்டுக்களை விற்றுவிடுவோம் என்பது. சொந்தத் தட்டிலிருந்து தன் பாவனைக்குப் பிரதி எடுப்பதைப் பிரித்தானியச் சட்டம் 2014ஆம் ஆண்டு ஒக்ரோபரில் அநுமதித்தது. மறு ஆண்டு யூலையில் நீதிமன்றம் அவ்விதியை நீக்கிவிட்டது. சட்டம் எவ்வாறாயினும் பொருளை விற்றுவிட்டு அதன் சாரத்தை வைத்துக்கொள்வது எனக்கு ஒப்பவில்லை. அவள் வாதாடினாள்; வாதத்தில் நான் வென்றேன் என்று சொல்லமுடியாது. அவள் செய்யவில்லை, அவ்வளவே.

நான் ஊர் திரும்பும்வரையில் இருநூற்று எண்பத்தேழு தட்டுக்கள் விலைபோயின. செலவெல்லாம் போக மிஞ்சிய பணம், கோட்டுக் குறி நிறுவனம் முழுத்தொகுதிக்குங் கூறியதைப்போலப் பன்மடங்கு. ஆயினும் செலவிட்ட மணிநேரத்தைக் கணக்கிட்டால் கூலிக்கும் போதாது. எஞ்சியவற்றில் ஒரு பங்கைப் பெறாமகள் பட்டியலில் வைத்திருக்கிறாள். மற்றவற்றைத் தருமக் கடையொன்றுக்குக் கொடுத்தோம்.

புறப்படுவதற்கு முதல்நாள், பென்சிற் குறிப்புள்ள வீணைத் தட்டொன்றை வாங்கிய ஓர் ஆங்கிலேயர், அந்த எழுத்தில் என்ன சொல்லியிருக்கிறது என்று எழுதிக் கேட்டிருந்தார். பொதியைப் பிரித்து மீண்டும் பார்த்தேன். நான்காம் பாட்டின் அருகே, 'இங்கே மிருதங்கத்தைக் கேள்' என்று இருந்தது. ஒரு துண்டுத் தாளில் அதனை ஆங்கிலத்தில் எழுதிச் சிறுநூலுக்குள் வைத்து, பொதியை ஒட்டி, பெறாமகளிடம் கொடுத்தேன். ஐந்து மணித் தபாலுக்கு அவள் அதனைக் கொண்டு ஓடினாள்.